மலையுச்சி அளவைக் குறிகளைத் தேடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னோடு புதிதாக மலையேற வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பாதி வழியில் மூச்சு வாங்கும்போது சில, உச்சியில் குனிந்து புல்லை விலக்கும்போது சில, இறங்கி வந்து பதிவு எழுத உட்காரும்போது சில. வாயால் பலமுறை சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

அளவைக் குறின்னா என்ன? மைல்கல் மாதிரியா?

மைல்கல் வழிப்போக்கருக்காக வைத்தது. அளவைக் குறி நில அளவையாளருக்காக வைத்தது. பூமியில் ஒரு புள்ளியின் இடத்தையோ உயரத்தையோ மிகத் துல்லியமாக அளந்து, அது நகராதபடி பாறையிலோ கான்கிரீட்டிலோ பதித்துவிட்டால் அது அளவைக் குறி. அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் வரைபடங்கள் வரையப்பட்டன.

ஊருக்கு ஊர் உருவம் மாறும். அமெரிக்காவில் பெரும்பாலும் உள்ளங்கை அகலத்தில், சுமார் 9 செ.மீ. குறுக்களவுள்ள உலோக வட்டு. பாறையோடு பாறையாகப் பதிந்திருக்கும். பிரிட்டனில் மேலே போகப் போகக் குறுகும் கான்கிரீட் தூண், ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரம். மார்ட்டின் ஹாட்டின் என்ற ராணுவ அதிகாரி வடிவமைத்த அந்தத் தூண்களில் முதலாவது 1936 ஏப்ரல் 18 அன்று கோல்ட் ஆஷ்பி என்ற ஊருக்கு அருகே பயன்பாட்டுக்கு வந்தது. பிறகு 6,000-க்கும் மேல் கட்டினார்கள். வேறு இடங்களில் உளியால் வெட்டிய சிலுவைக்கோடு, பாறையில் துளையிட்டு இறக்கிய இரும்பு ஆணி, கற்குவியல் என்றுகூட இருக்கும். எந்த உருவமானாலும் உண்மையான 'குறி' என்பது நடுவில் இருக்கும் சின்னப் புள்ளிதான். மற்றதெல்லாம் அந்தப் புள்ளியைக் காப்பாற்ற வந்தவை.

பெஞ்ச்மார்க்குன்னு சிலர் சொல்றாங்க, ட்ரிக் பாயின்ட்னு சிலர் சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணுதானா?

பேச்சுவழக்கில் ஒன்றாகிவிட்டது, வேலையில் வேறு வேறு. பெஞ்ச்மார்க் உயரத்துக்கானது. சாலை, ரயில் பாதை, பாலம் என்று நடக்க எளிதான வழியில் அதிகம் இருக்கும். ட்ரிக் பாயின்ட் என்கிற முக்கோண நிலையம் இடத்துக்கானது. மலையுச்சிகளில் நாம் தேடுவது பெரும்பாலும் இதைத்தான்.

ஏன் ஆள் அண்டாத உச்சியில கொண்டுபோய் வெச்சாங்க?

பார்வை மறையக்கூடாது என்பதற்காக. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்க நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம். எனவே ஒரே ஒரு கோட்டைத் தரையில் சங்கிலி வைத்து அளந்துவிட்டு, அதன்பின் கோணம் மட்டும் அளந்துகொண்டே ஒரு நாட்டையே முக்கோணங்களால் மூடிவிட முடியும். அதற்கு ஒரு நிலையத்திலிருந்து அடுத்தது கண்ணில் பட வேண்டும். 1802-இல் வில்லியம் லாம்டன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி சென்னையில் பரங்கிமலைப் பக்கம் சுமார் 12 கி.மீ. நீளத்துக்கு அந்த முதல் கோட்டை அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவை இப்படித்தான் துணைக்கண்டம் முழுக்கப் பரவியது. மலையே இல்லாத சமவெளியில் கோபுரங்களைப் பயன்படுத்தினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேலே தூக்கும்போது, அரை டன் எடையுள்ள லாம்டனின் தியோடலைட் என்ற கோணமளக்கும் கருவி, கயிறு அறுந்து சுவரில் மோதி நசுங்கியது. அவரே உட்கார்ந்து அதைத் தட்டி நேராக்கி மறுபடி வேலைக்குக் கொண்டுவந்தார்.

தூரம் கூடும்போது வெறும் கம்பமும் கொடியும் கண்ணுக்குத் தெரியாது. 1821-இல் காஸ் என்ற ஜெர்மானியக் கணிதவியலாளர் கண்டுபிடித்த ஹீலியோட்ரோப் என்ற கருவி, கண்ணாடியால் சூரிய ஒளியை எதிர்மலைக்குத் திருப்பியது. 1878-இல் கலிஃபோர்னியாவில் ஷாஸ்டா மலைக்கும் செயின்ட் ஹெலினா மலைக்கும் இடையே சுமார் 309 கி.மீ. தூரத்துக்கு அப்படி ஒளி அனுப்பிக் கோணம் அளந்தார்கள். உச்சிக்குப் போனதும் வட்டைத் தேடக் குனிவதற்கு முன்னால் ஒருமுறை நிமிர்ந்து சுற்றிப் பாருங்கள். தூரத்தில் தனித்துத் தெரிகிற மலைகளில் ஏதோ ஒன்றில் இதன் ஜோடி இருக்கும். எனக்கு இந்தப் பொழுதுபோக்கு பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

இதுக்கும் ஜியோகேச்சிங்குக்கும் என்ன சம்பந்தம்? பெட்டி எங்கே?

பெட்டி கிடையாது. ஜியோகேச்சிங் 2000 மே மாதம் பிறந்தது. ஜிபிஎஸ் சைகையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு அந்த மாதத் தொடக்கத்தில் நிறுத்தியது. மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியில் பொருள்களைப் போட்டு ஒளித்துவைத்து, இருக்குமிடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிட்டார். கண்டுபிடிப்பவர் ஏதாவது எடுத்தால் பதிலுக்கு ஏதாவது வைத்துவிட்டு வர வேண்டும். இன்றுவரை அதே விதிதான்.

அளவைக் குறிகள் அதற்கு வெகு காலம் முன்பே மலைமேல் இருந்தவை. யாரும் ஒளித்துவைக்கவில்லை, எடுக்கவும் வைக்கவும் எதுவுமில்லை, கையெழுத்துப் போட நோட்டுப் புத்தகமும் இல்லை. எண்களை வைத்துத் தேடிப் போவதும், போய்வந்து பதிவு எழுதுவதும்தான் பொது. ஜியோகேச்சிங்.காம் தளமே பல ஆண்டுகள் அமெரிக்கக் குறிகளுக்குத் தனிப் பகுதி வைத்திருந்தது. 2023 தொடக்கத்தில் அதை மூடிவிட்டார்கள். குறிக்குப் பக்கத்தில் சிலர் கேச் பெட்டி வைப்பதுண்டு. அப்போது பெட்டிக்கு ஒரு பதிவு, குறிக்கு ஒரு பதிவு. இரண்டையும் கலக்க வேண்டாம்.

பட்டியல் எங்கே கிடைக்கும்?

அமெரிக்காவில் தேசிய புவிப்பரப்பு அளவை அமைப்பான என்ஜிஎஸ் ஒவ்வொரு குறிக்கும் ஒரு தரவுத்தாளை இலவசமாக வெளியிடுகிறது. பிரிட்டனுக்கு ட்ரிக்பாயின்டிங் யுகே தளம் இருக்கிறது. வேமார்க்கிங் தளத்தில் பல நாட்டுக் குறிகளுக்குத் தனிப் பிரிவுகள் உண்டு. எதுவும் கிடைக்காத இடத்தில் நிலவரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: பெரும்பாலான வரைபடங்களில் நடுவில் புள்ளி வைத்த சின்ன முக்கோணம்தான் முக்கோண நிலையத்துக்கு அடையாளம்.

சில நாடுகள் இந்த எண்களைப் பொதுமக்களுக்குத் தருவதில்லை. தராத இடத்தில் குறுக்கு வழியில் பெற முயல வேண்டாம்.

போன்ல 0 மீட்டர்னு காட்டுது. கீழ பார்த்தா ஒண்ணுமே இல்லை. ஏன்?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. மூன்று காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது, போனின் பிழை. திறந்த வானத்தின் கீழேயே சில மீட்டர் தள்ளிக் காட்டும். மரமோ செங்குத்துப் பாறையோ மறைத்தால் இன்னும் கூடும். இரண்டாவது, பழைய எண்கள். அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் எதை அடிப்படையாக வைத்து எண்ணுவது என்பதற்கு ஒவ்வொரு நாடும் தனக்கென ஓர் அளவுச்சட்டம் (டேட்டம்) வைத்திருந்தது. உங்கள் போன் காட்டுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலகச் சட்டத்தில். லண்டன் கிரீன்விச் வானாய்வகத்தில் 0 டிகிரி தீர்க்கரேகை என்று பதித்த பித்தளைக் கோட்டின் மேல் நின்று பார்த்தால், ஜிபிஎஸ் காட்டும் 0 டிகிரி அதற்குக் கிழக்கே சுமார் 102 மீட்டர் தள்ளிப் போகிறது. பெயர்பெற்ற கோட்டுக்கே இந்தக் கதி என்றால் ஒரு குன்றின் மேலுள்ள குறிக்குக் கேட்கவே வேண்டாம். எண்கள் எந்தச் சட்டத்தில் தரப்பட்டவை என்று பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. என்ஜிஎஸ் தரவுத்தாளில் எண்களுக்குப் பக்கத்தில் 'அட்ஜஸ்டட்' என்று இருந்தால் அது கணக்கிட்டுச் சரிசெய்த இடம், நம்பலாம். 'ஸ்கேல்டு' என்று இருந்தால் யாரோ வரைபடத்தில் அளவுகோல் வைத்து எடுத்த எண். அதில் 6 விநாடி வரை பிழை இருக்கலாம் (இது நேரமல்ல, கோண அளவு; ஒரு டிகிரியில் 3,600 விநாடி). அட்சரேகையில் 1 விநாடி சுமார் 31 மீட்டர் என்றால் 6 விநாடிக்கு ஏறக்குறைய 185 மீட்டர்! உயரத்துக்கான குறிகளில்தான் இது அதிகம். அவற்றுக்கு உயரம் துல்லியமாக இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

அப்போ எண்ணை நம்பாம எதை நம்புறது?

வழிக்குறிப்பை. தரவுத்தாளிலேயே இருக்கும்; குறியைப் பதித்த ஆளே, அடுத்து வருகிறவருக்காக எழுதிவைத்தது அது. எந்தப் பக்கமாக ஏறுவது, உச்சியில் எந்தப் பாறை, அதிலிருந்து எத்தனை அடி, எந்தத் திசை எல்லாம் அதில் இருக்கும். எண்கள் உங்களை அந்த மலைக்குக் கொண்டுபோய்விடும். கடைசி 20 மீட்டருக்கு வழிக்குறிப்புதான் துணை.

ஒருமுறை போன் காட்டிய இடத்திலேயே 50 நிமிடம் சுற்றிவிட்டேன். வழிக்குறிப்பில் 'மிக உயர்ந்த பாறைக்குத் தெற்கே 12 அடி' என்று இருந்தது. நான் உயர்ந்ததாக நினைத்த பாறை உண்மையில் இரண்டாவது; நிஜமான உச்சிப் பாறை ஒரு புதருக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்து டேப்பை இழுத்து 12 அடியில் கையை வைத்தேன். சாம்பல் பூத்த பாசி, அதன் அடியில் விரலுக்கு மட்டும் தட்டுப்பட்ட வளைந்த விளிம்பு. கண்ணால் பார்ப்பதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிட்டது.

எச்சரிக்கை ஒன்று: திசைகள் திசைகாட்டியைக் கொண்டு எழுதப்பட்டிருந்தால் அவை அந்தக் காலத்துக் காந்த வடக்கைக் கொண்டவை. காந்த வடக்கு நகர்ந்துகொண்டே இருக்கிறது. எழுதிய ஆண்டைப் பார்த்து, அந்த ஆண்டில் காந்த வடக்கு உண்மையான வடக்கிலிருந்து விலகியிருந்த அளவைக் கழித்தோ கூட்டியோ கொள்ள வேண்டும்.

அம்பு போட்ட வட்டு கிடைச்சது. கண்டுபிடிச்சாச்சுன்னு எழுதலாமா?

இன்னும் இல்லை. அம்பு போட்டது துணைக் குறி. முதன்மைக் குறி காணாமல் போனால் அதன் இடத்தை மறுபடி கண்டுபிடிப்பதற்காகப் பக்கத்திலேயே இரண்டு மூன்று துணைக் குறிகளைப் பதித்துவைத்தார்கள். அம்பு முதன்மைக் குறியைத்தான் காட்டுகிறது. அதுவே உங்களுக்கு வழி. தரவுத்தாளில் ஒவ்வொரு துணைக் குறிக்கும் தூரம் இருக்கும். அம்பு காட்டும் பக்கம் டேப்பைப் பிடித்து அந்த அளவில் தேடுங்கள். இரண்டு துணைக் குறிகள் கிடைத்தால் இரண்டிலிருந்தும் அளந்து, இரண்டு அளவும் வெட்டிக்கொள்ளும் இடத்தைப் பாருங்கள். முக்கோண நிலைய வட்டின் நடுவில் முக்கோணம் இருக்கும். அதைப் பார்த்த பிறகு எழுதுங்கள்.

என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

வழக்கமான மலையேற்றப் பொருள்களோடு 30 மீட்டர் டேப், திசைகாட்டி, தாளில் அச்செடுத்த வழிக்குறிப்பு, மென்மையான முடியுள்ள சின்ன பிரஷ், டார்ச். வட்டில் தேய்ந்த எழுத்தை வெயிலில் நேராகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. உடம்பால் நிழல் கட்டி, டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அடித்தால் ஆண்டு வரை படித்துவிடலாம். மண்வெட்டி, கம்பி பிரஷ், சுத்தியல் வேண்டாம்.

தனியா போகலாமா?

முதல் சில முறை வேண்டாம். பாதை உச்சிக்குப் போகாமல் பக்கவாட்டில் திரும்பிவிடும் மலைகள்தான் இவற்றில் அதிகம். கடைசிப் பகுதியில் பாதையே இருக்காது. எந்த வழியாக ஏறுகிறீர்கள், எப்போது இறங்குவீர்கள் என்று கீழே ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

நேரக் கணக்கில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நேரம் ஒதுக்குகிறார்கள், தேடுவதற்கு ஒதுக்குவதில்லை. மேலே சொன்னேனே, 50 நிமிடம் சுற்றினேன் என்று. அன்று இருட்டில்தான் இறங்கினேன். இப்போது கிளம்பும்போதே திரும்பும் நேரத்தைத் தாளில் எழுதிக்கொள்கிறேன். அந்த நேரம் வந்துவிட்டால் டேப் பாதியில் இருந்தாலும் சுருட்டிவிடுவேன்.

இடிச் சத்தம் காதில் விழுந்தால் உடனே இறங்குங்கள். சுற்றுவட்டாரத்திலேயே உயரமான, திறந்த இடமென்று தேர்ந்தெடுத்துத்தான் குறியைப் பதித்தார்கள். மின்னலும் தேடிவருவது அதே இடத்தைத்தான். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை மறுபடி ஏற வேண்டாம்.

அரசாங்கக் குறிதானே, யார் நிலத்துல இருந்தா என்ன?

குறி அரசுடையதாக இருக்கலாம். அதற்குப் போகும் வழி அப்படியல்ல. தனியார் நிலமானால் உரிமையாளரிடம் கேளுங்கள். காப்புக்காடானால் வனத்துறை அனுமதி. ராணுவப் பகுதி, தொலைத்தொடர்புக் கோபுர வளாகம் என்றால் அந்தக் குறியை விட்டுவிடுங்கள். வேலிக்கு வெளியே நின்று, இன்ன காரணத்தால் போக முடியவில்லை என்று எழுதுவதும் நல்ல பதிவுதான்.

வட்டு ஒண்ணு பெயர்ந்து தனியா கிடந்தது. ஞாபகத்துக்கு எடுத்துக்கலாமா?

கூடாது. அமெரிக்காவின் பழைய வட்டுகள் பலவற்றில், குறியைக் கலைத்தால் 250 டாலர் அபராதம் அல்லது சிறை என்று வட்டிலேயே பொறித்திருப்பார்கள். சட்டத்தை விடுங்கள்: பெயர்ந்த வட்டும் ஒரு சாட்சி. அது எங்கே கிடக்கிறது, பக்கத்தில் துளை இருக்கிறதா என்பதை வைத்து அளவையாளர் நிறையப் புரிந்துகொள்வார். கிடந்த இடத்திலேயே படமெடுத்து, அளவைத் துறைக்குத் தெரிவியுங்கள்.

தோண்டவும் வேண்டாம். பல முக்கோண நிலையங்களில் மேலே தெரியும் குறிக்கு நேர் கீழே மண்ணுக்குள் இன்னொரு குறியும் உண்டு. மேலே உள்ளது அழிந்தாலும் புள்ளி பிழைக்கட்டும் என்று செய்த ஏற்பாடு அது. பாசியைக்கூட எழுத்து படிக்கும் அளவுக்கு மென்மையாக விலக்கினால் போதும். வட்டைப் பளபளப்பாக்கினால் திருடுகிறவன் கண்ணில்தான் முதலில் படும்.

செயற்கைக்கோள் வந்த பிறகு இந்தக் கல்லெல்லாம் யாருக்கு வேணும்?

அன்றாட அளவைக்கு இவற்றின் தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது, உண்மைதான். ஆனால் 'அன்று இந்தப் புள்ளி இங்கே இருந்தது' என்று எந்தச் செயற்கைக்கோளாலும் பின்னோக்கிப் போய் அளக்க முடியாது. 1906-இல் சான் ஃபிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்குப் பிறகு, அதற்கு முன் 19-ஆம் நூற்றாண்டில் அளந்த அதே குறிகளை மறுபடி அளந்தார்கள். பிளவின் இரண்டு பக்கமும் நிலம் எதிரெதிராக நகர்ந்திருந்தது. அந்த அளவுகளை வைத்துத்தான் புவி இயற்பியலாளர் ஹாரி ஃபீல்டிங் ரீட், நிலம் ரப்பர் போல மெல்ல இழுபட்டு ஒரு கட்டத்தில் அறுந்து பழைய நிலைக்குத் துள்ளுவதே நிலநடுக்கம் என்று விளக்கினார். குறிகள் இருந்த இடத்திலேயே இருந்ததால்தான் அது தெரியவந்தது.

ஸ்ட்ரூவே என்ற வானியலாளர் 1816 முதல் 1855 வரை நார்வேயிலிருந்து கருங்கடல் வரை பூமியின் வளைவை அளக்கப் பயன்படுத்திய நிலையங்களில் 34-ஐ 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அவற்றில் பாறைத்துளையும் உண்டு, இரும்புச் சிலுவையும் உண்டு, கற்குவியலும் உண்டு.

எவ்வளவு தேடியும் கிடைக்கலை. 'அழிந்துவிட்டது'ன்னு போட்டுடலாமா?

'கிடைக்கவில்லை' வேறு, 'அழிந்துவிட்டது' வேறு. உச்சியையே வெட்டி எடுத்துக் கட்டடம் கட்டியிருந்தாலோ, பெயர்ந்த வட்டே கையில் தட்டுப்பட்டாலோ தவிர அழிந்தது என்று சொல்லாதீர்கள்; என்ஜிஎஸ்ஸும் சான்று இல்லாமல் அப்படி ஏற்பதில்லை. 'கிடைக்கவில்லை' என்று எழுதினால் அதோடு எத்தனை நேரம் தேடினீர்கள், வழிக்குறிப்பில் சொன்ன எந்தெந்த அடையாளங்கள் இன்னும் இருக்கின்றன, துணைக் குறிகள் கிடைத்தனவா, எங்கிருந்து எவ்வளவு அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். அடுத்து வருகிறவர் நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

கிடைத்தால் இரண்டு படங்கள் போதும்: எழுத்து தெரியும்படி மேலிருந்து ஒன்று, சில அடி தள்ளி நின்று, குறியும் அதற்குப் பின்னால் தொடுவானமும் சேர்ந்து தெரியும்படி ஒன்று. இரண்டாவது படம் எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது என்பதைச் சேர்த்து எழுதுங்கள்.

எனக்கு முன்னாடி ரெண்டு பேர் 'கிடைக்கலை'ன்னு எழுதியிருக்காங்க. போறதுல அர்த்தம் இருக்கா?

அவர்கள் எதை எழுதவில்லை என்று பாருங்கள். அப்படி இரண்டு பதிவு இருந்த ஓர் உச்சிக்கு நாங்கள் மூன்று பேர் போனோம். இருவருமே துணைக் குறிகளைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. நாங்கள் முதலில் துணைக் குறியைத் தேடினோம், கிடைத்தது. அம்பு, மலையேறுகிறவர்கள் ஆளுக்கொரு கல்லாக வைத்து உண்டாக்கியிருந்த முழங்கால் உயரக் குவியலை நேராகக் காட்டியது. டேப்பும் அங்கேயே போய் முடிந்தது.

பழைய கற்குவியலே குறியாக இருக்கலாம் என்று மேலே சொன்னேன். அதனால் வழிக்குறிப்பை மறுபடி படித்து, அதில் குவியல் எதுவும் சொல்லப்படவில்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே கை வைத்தோம். ஒரு பக்கத்துக் கற்களை மட்டும் எடுத்த வரிசையிலேயே அடுக்கி வைத்தோம். அடியில் ஈரமண், அதற்குக் கீழே பச்சைபடிந்த வட்டு, நடுவில் முக்கோணம். படமெடுத்துக்கொண்டு கற்களைத் திருப்பி வைத்தோம். பதிவில் 'குவியலின் கீழே, நல்ல நிலையில்' என்று எழுதி, துணைக் குறியிலிருந்து நாங்கள் அளந்த தூரத்தையும் சேர்த்தோம்.